கிருபாவின் மீன் பெட்டியும் எங்கள் வெள்ளைக் கொடிகளும்

"ஆருகா மோசம் போனது?"

ஓட்டோவிலிருந்து இறங்கும்போதே அந்த மனிதர் அழத் தொடங்கிவிட்டார். தோளில் கிடந்த சால்வையை வாயில் பொத்திக்கொண்டு ஒரு வீட்டுப் படலையைப் பார்க்கிறார், அடுத்த படலையைப் பார்க்கிறார், எதிர்ப்பக்கம் கிறுகிப் பார்க்கிறார். ஒழுங்கை முழுக்க, செத்த வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக்கொடி. எந்த வீட்டுக்குள் ஓடி விழுந்து அழுவதென்று தெரியாமல் நடுச் சேற்றில் நின்று தவித்தார்.

முதல் நாள் இரவு நல்ல மழை. மாமரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. வாவிப் பக்கமிருந்து ஈரப் பாசி மணம் வந்தது. நான் என் ஸ்கூட்டியை அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். அவர் என்னிடம் ஓடிவந்தார்.

"புள்ள, இத்தின வீட்டில கொடி கட்டியிரிக்கே. தோணி ஏதும் கவுண்டுத்தா? எத்தின பேரு புள்ள?"

என்ன சொல்வது? "இல்லய்யா, அது மீன் வாங்கிறதுக்கு" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. மனிதர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அதற்குள் பக்கத்துப் படலையைத் திறந்துகொண்டு அவருடைய தங்கச்சி விளக்குமாறும் கையுமாக வந்து, "அண்ணே, நான் உசிரோடதான் இரிக்கன், கத்தாதீங்க" என்றார். அண்ணன்காரர் கிரானில் இருந்து வந்திருந்தார். விடிய பஸ்ஸில் போன யாரோ கொடிகளைக் கண்டுவிட்டு, "உங்கட தங்கச்சிட ஒழுங்கையில செத்த வீடு போல" என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். கிரானிலிருந்து படுவான்கரை வரை அந்த மனிதர் ஓட்டோவுக்குள் அழுதுகொண்டே வந்திருக்கிறார்.

பிறகு அவர் என்னை ஏசிய ஏச்சு இருக்கிறதே! அச்சில் ஏற்றக்கூடியதெல்லாம் "நாசமறுவாளுகள்" என்ற ஒரு சொல்தான். மற்றதை இதழாசிரியர் வெட்டிவிடுவார்.

எங்கள் வகுப்பு

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் மட்டக்களப்பு டவுண்காரி. கிராமத்துப் பிள்ளைகளுக்கு முயற்சியாண்மை படிப்பிப்பது என் வேலை. அதாவது, சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கி, அதை அடுத்த மழைக்காலம் வரை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது. கண் தெரியாதவர்கள், காது கேட்காதவர்கள், நடக்க ஏலாதவர்கள் எல்லோரும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே அறையில்தான் இருப்பார்கள். அவர்களைத் தனியே இருத்திப் படிப்பித்தால் தனி விலையில்தான் அவர்களிடம் வாங்குவார்கள் என்பது என் கட்சி. இதற்காக மேலதிகாரிகளோடு நான் பிடித்த சண்டைகளைச் சென்ற வாரம் எழுதினேன். "மிஸ்ஸுக்குக் கொஞ்சம் வாய் கூட" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொஞ்சமல்ல அம்மா, நன்றாகவே கூட.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். இந்த இதழ் அங்கேயும் போகிறது. நான் அங்கே இன்னும் தேத்தண்ணி குடிக்கப் போக வேண்டியிருக்கிறது.

வகுப்பு நடந்தது ஒரு பொதுக் கட்டடத்தில். கூரைத் தகரம் வெயிலுக்கு டக் டக் என்று சத்தம் போடும். அந்த வகுப்பில் கிருபாகரன் என்றொரு பொடியன் இருந்தான். பிறப்பிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மீசை அப்போதுதான் அடர்த்தியாகியிருந்தது. தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, நான் எழுதுவதை ஒரு நீதவான் மாதிரிப் பார்ப்பான். பிடிக்காவிட்டால் முகத்தை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவான். எனக்கு அவனை முதல் நாளே பிடித்துப்போயிற்று.

அவனுக்குப் பக்கத்தில் தங்கச்சி வினோதினி இருப்பாள். நான் சொல்வதை அவள் கையால் சொல்வாள். அவன் கையால் சொல்வதை எங்களுக்கு வாயால் சொல்வாள். அவளும் என் மாணவிதான். தையலில் அவளுக்கு அப்படியொரு கை. ஒரு சாறிச் சட்டையின் கழுத்தை வெட்டுகிறபோது கத்தரிக்கோல் எங்கேயும் தயங்காது. ஆனால் பாதி வகுப்பு அவள் அண்ணனுக்குப் பேசுவதிலேயே போய்விடும். அவளுடைய சொந்தக் கேள்விகளை வகுப்பு முடிந்து நான் ஹெல்மெட் போடும்போதுதான் கேட்பாள்.

அவர்களுடைய அப்பா வாவியில் வலை போடுகிறவர். அவரும் பக்கத்துத் தோணிக்காரர்களும் பிடிக்கிற ஓரா மீனையும் இறாலையும் துறையில் வெளி வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். கிருபாவின் திட்டம் நேரானது. அந்த மீனைத் தானே வாங்கி, மோட்டர்சைக்கிளில் குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டி கட்டி, ஐஸ் போட்டு, சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாக விற்பது.

நல்ல திட்டம். நான் கைதட்டினேன்.

ஓம் என்று சொல்லும் ஊர்

வியாபாரம் தொடங்குமுன் போய் ஆட்களைக் கேளுங்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. நானும் அதைத்தான் படிப்பிக்கிறேன். வினோதினி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "அண்ணன் மீன் கொண்டுவந்தா வாங்குவீங்களா?"

"ஓம் மகள், வாங்காம? எங்கட புள்ளையல்லவா!" எல்லா வீட்டிலும் இதே பதில். இரண்டு பேரும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்கள்.

வகுப்பில் ராகுலன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. ராகுலன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே வேலை செய்யாமல் போனவன், சக்கர நாற்காலியில் வருவான். வாய் என்னை விடப் பெரிது.

"மிஸ், எங்கட ஊரில ஆரு மூஞ்சிக்கு நேர இல்லண்டு சொல்லுவாங்க? நான் போய் ஏரோப்பிளேன் விக்கப் போறன் வாங்குவீங்களாண்டு கேட்டாலும், 'ஓம் தம்பி, ஒண்டு எடுப்பம்' எண்டுதான் சொல்லுவாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

ஏலத்துப் பூசணிக்காய்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். சின்ன வயதில் எனக்கு வருஷத்தில் பிடித்த நாள் அறுப்பின் பண்டிகைதான். வாழைக்குலை, தேங்காய், பூசணிக்காய், கோழி, கேக் எல்லாம் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்து ஏலம். ஒரு பூசணிக்காயைச் சந்தையில் யாரும் கனவிலும் கொடுக்காத விலைக்குக் கேட்பார்கள். வென்றவர் அதைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிடுவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே பூசணிக்காய் மத்தியானம் வரை விற்றுக்கொண்டே இருக்கும்.

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வளர்ந்து பூசணி போட்டால் பணக்காரியாகிவிடலாம் என்று என் தம்பியிடம் சொன்னேன். அவன் நம்பினான்.

அந்தப் பூசணிக்காயை நான் வாகரையில் மறுபடி கண்டேன். அங்கே ஒரு கை இல்லாத பெண் ஒருத்தி கோழி வளர்த்தாள். எங்கள் நிறுவனம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகும். அவர்கள் முட்டைக்குக் காசைக் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு, "முட்டையை நீங்களே வச்சிக்கொள்ளுங்க அம்மா" என்று போய்விடுவார்கள். அவள் என்னிடம் சொன்னாள்: "மிஸ், இவங்க வந்து போனா என்ர முட்டை நாறுது. முட்டை வேணுமெண்டு வாறவங்களக் கூட்டி வாங்க." எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. அடுத்த முறை ஒரு பேக்கரிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முட்டையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சின்னது சின்னது என்று முறைப்பட்டு, கடைசியில் எல்லாவற்றையும் வாங்கினார். அவளுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல்.

கூப்பிடக் கூப்பிடப் போறான்

கிருபாவின் முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. ஓம் சொன்ன எல்லோரும் வாங்கினார்கள். ஒருத்தரும் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒருத்தரும் விலை குறைக்கச் சொல்லவில்லை. அவன் விரலால் காட்டிய விலையைக் கொடுத்துவிட்டு, "பாவம்" என்று சொல்லி, போட்டதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மட்டக்களப்பில் மீன் வாங்குகிற பெண் இப்படி வாங்குவாளா? மீன்காரனை அரைமணி நேரம் நிறுத்தி வைத்து, அவன் குலம் கோத்திரம் வரை விசாரித்துத்தானே ஒரு கிலோ சூடை வாங்குவாள்!

இரண்டாம் வாரம் பாதிப் பேர் காணாமல் போனார்கள். பாவம் பார்த்து எத்தனை நாளைக்கு மீன் தின்ன முடியும்?

மிச்சப் பேருக்கு வேறொரு கரைச்சல். எங்கள் பக்கத்தில் வளவுகள் பெரிது. வீடு உள்ளே இருக்கும், சமைக்கிற குசினி அதற்கும் பின்னால் இருக்கும். மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு மெல்லப் போவான். பெண்கள் குசினியிலிருந்து, "தம்பி நில்லு, வாறன்!" என்று ஒரு சத்தம் போடுவார்கள். அவன் நிற்பான். அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டியை எடுத்துக்கொண்டு, ஆறுதலாக வருவார்கள். அப்படித்தான் இந்த வியாபாரம் காலங்காலமாக நடக்கிறது.

கிருபாவும் ஹோர்ன் அடித்தான். ஆனால் கூப்பிடுகிற சத்தம் அவனுக்கு எப்படிக் கேட்கும்? பெண்கள் படலைக்கு வந்து சேரும்போது அவனுடைய புகைதான் இருக்கும். எல்லா வீட்டிலும் நின்று பார்க்கலாம் என்றால் பாதி வழியிலேயே வெயில் ஏறிவிடும். ஐஸ் உருகினால் ஓரா யாருக்காகவும் காத்திருக்காது.

"கூப்பிடக் கூப்பிடப் போறான் மிஸ்! நான் ஒழுங்கைக் கடைசி மட்டும் ஓடினன்" என்று என்னிடமே முறைப்பட்டார்கள்.

கிருபாவின் அம்மா தவமணி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள். வினோதினி பின்னால் ஏறிப் போக வேண்டும். கூப்பிடுகிறவர்களுக்குக் காது கொடுக்க வேண்டும், விலை பேச வேண்டும்.

"அண்ணனுக்கு வாயும் காதும் நீதான் மகள். வேற ஆரு இரிக்கா?"

வினோதினி தலையாட்டினாள். ஆனால் களுவாஞ்சிக்குடியில் ஒரு தையல் கடைக்காரி அவளுடைய வேலையைப் பார்த்துவிட்டு, தன்னோடு வந்து வெட்டப் பழகச் சொல்லியிருந்தாள். பழகி முடிந்தால் தனியே கடை போடலாம். அந்தம்மா நல்லவள்தான், ஆனால் கல்யாண சீசன் வருமுன் ஆள் வேண்டும், வராவிட்டால் வேறு பிள்ளையை எடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். மோட்டர்சைக்கிளின் பின் சீற்றில் ஏறினால் வினோதினி அதிலிருந்து எப்போது இறங்குவாள்? யாருக்கும் தெரியாது. தவமணிக்கும் தெரியும், அது யாருக்கும் தெரியாதென்று.

வெள்ளைத் துணியில் நீல மீன்

வகுப்பு கூடி யோசித்தது. காது கேட்காதவனுக்குக் கண் இருக்கிறது. மீன் வேண்டுமென்றால் படலையில் ஒரு கொடியைத் தொங்கவிடட்டும். அவன் கண்டு நிற்பான். என்ன அருமையான யோசனை! என்ன நிறக் கொடி?

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். எங்கள் ஊரில் எந்த நிறமும் சும்மா கிடப்பதில்லை. பச்சை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, சிவப்பு ஒரு கட்சி. மஞ்சள் கட்டினால் கோயில் திருவிழா. யாருடைய படலையிலும் எதையும் தொங்கவிட முடியாது. கடைசியில் வெள்ளைத் துணி வாங்கி, அதில் பெரிதாக நீல மீன் கீறுவதென்று முடிவானது. மீன் இருந்தால் அது மீன் கொடிதானே! ராகுலன் அழகாகக் கீறினான். கண் வைத்தான், செதில் வைத்தான், ஒன்றுக்கு மீசை கூட வைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் தண்ணி வர்ணம்.

பின்னேரம் ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வேண்டுமென்றபோது கட்டுங்கள் என்று விளக்கமாகச் சொன்னோம். யார் காதில் வாங்கினார்கள்? பிள்ளைகள் ஆசையாகக் கீறித் தந்தது என்று எல்லோரும் அப்போதே கட்டிவிட்டார்கள். இரவு மழை வந்தது. நீல மீன்கள் எல்லாம் கரைந்து வாவிக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

கிரான்காரரை அவருடைய தங்கச்சி ஒருவழியாகச் சமாதானப்படுத்தித் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் ஓடியோடிக் கொடிகளைக் கழற்றினோம். ராகுலன் நாற்காலியில் இருந்தபடியே ஒரு கொடியைப் பிழிந்துகொண்டு சொன்னான்:

"மிஸ், செத்த வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் வாடகைக்குக் குடுக்கிற தொழில் தொடங்குவமா? விளம்பரம் முடிஞ்சுது."

நான் அவனை முறைத்தேன். பிறகு வயிறு நோகச் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

பின் சீற்றில் யாரும் வேண்டாம்

தவமணி சிரிக்கவில்லை. அன்றைக்கே வீட்டு முற்றத்தில் வைத்து எனக்கு முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னாள்.

"மிஸ், நீங்க நல்ல மனசோட செய்றீங்க. ஆனா எங்கட புள்ளையல வச்சு ஊர் சிரிக்குது. நாளைக்கு வினோ பின்னால ஏறிப் போவாள். இதோட விடுங்க."

அடுத்த நாள் விடிய நான் துறையடியில் நின்றேன். கிருபா ஐஸை உடைத்துப் பெட்டியில் போட்டு, இறாலை அடுக்கி, பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். வினோதினி பின்னால் ஏறி இருந்தாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். சாவியை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். மோட்டர்சைக்கிளை விட்டிறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தவமணி கத்தினாள். அவனுக்குக் கேட்காது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்தாலே போதும். அவன் கையைப் பிரித்து நாலைந்து முறை வெடுக் வெடுக்கென்று அசைத்தான்.

வினோதினி தலையைக் குனிந்துகொண்டு எங்களுக்குச் சொன்னாள். "நான் இறங்கினாத்தான் போவானாம். இல்லாட்டி மீன் நாறட்டுமாம். ஒருநாளைக்கு நான் கல்யாணம் முடிச்சுப் போவனாம், அண்டைக்கு அவன் என்ன செய்றதாம்?"

அவள் இறங்கினாள். அவன் போனான். தவமணி அழுதாள். எனக்கு அந்தப் பொடியனின் பிடிவாதத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அப்படி ஒரு குணம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது, அதைப் படிப்பிக்கவும் முடியாது.

மாலா அக்கா

அந்த ஒழுங்கையில் மாலா என்று ஒருத்தி இருக்கிறாள். காலையில் அப்பமும் சம்பலும் விற்பாள். அவளோடு வாய்கொடுத்து வென்றவர் அந்த ஊரில் இல்லை. என்னையே ஒருமுறை "இங்கிலீசு மிஸ்" என்று கூப்பிட்டு அழவைக்கப் பார்த்தவள். கிருபா அவளுடைய படலையைத் தாண்டித் தாண்டிப் போனதில் அவளுக்குக் கொதி ஏறிவிட்டது. மருமகன் விருந்துக்கு வரும் நாளில் இறால் இல்லாமல் போயிற்றாம்.

வினோதினி பின் சீற்றிலிருந்து இறங்கிய அன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஒழுங்கை நடுவில் போட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஏறி இருந்துவிட்டாள். பஸ் வந்தாலும் எழும்பமாட்டாள் போல.

கிருபா வந்தான், நின்றான். வேறு வழி? அவள் பெட்டி மூடியைத் திறந்து, மீனை ஒவ்வொன்றாகத் தூக்கி, செவுளைக் கிளப்பிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, திரும்பப் பெட்டிக்குள் எறிந்தாள். அவன் முகம் சிவந்தது. அவள் எறிந்த ஓராவை எடுத்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தான். மணந்து பார்! அவள் மணந்தாள். விரலைக் காட்டி விலை கேட்டாள். அவன் காட்டினான். அவள் நெஞ்சில் கை வைத்துச் சாகிற மாதிரி நடித்தாள். அவன் பெட்டியை மூடப் போனான். அவள் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஸ்கூட்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். தூரத்தில் நிறுத்திவிட்டு, ஒன்றும் விடாமல் பார்த்தேன். கிருபாவிடம் ஒருத்தி விலை குறைக்கக் கேட்டதை அன்றைக்குத்தான் நான் கண்டேன்.

அவன் அன்றைக்குப் பெட்டியைக் காலியாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லமாட்டேன், பாதி மீன் மிஞ்சிற்று. ஆனால் அடுத்த நாள் அவன் ஒவ்வொரு படலையிலும் இறங்கி, மாலா வீட்டுக் கதிரையைக் காட்டி, பெட்டியைக் காட்டி, இங்கே வை என்று தரையைக் காட்டினான். மீன் வேண்டுமென்றால் படலைக்கு வெளியே ஒரு கதிரை. கதிரை இல்லாத வீடு ஏது? அதற்குச் சாயம் வேண்டாம், மழை வந்தால் கழுவிக்கொண்டு போகாது. கதிரையைக் கண்டு யாரும் கிரானிலிருந்து ஓட்டோ பிடிக்கவும் மாட்டார்கள்.

கதிரைகள் வரத் தொடங்கின. நீலம், சிவப்பு, கால் உடைந்து கம்பியால் கட்டியது, எல்லாம். உடனே இன்னொரு கூத்தும் தொடங்கியது. வெளியூர் மீன்காரர்களும் கதிரை கண்ட இடமெல்லாம் நிற்கத் தொடங்கினார்கள். "எங்கட ஐடியாவைக் களவெடுக்கிறாங்க மிஸ்!" என்று வகுப்பில் ஒரே கொதிப்பு. நான் கரும்பலகையில் "போட்டி" என்று எழுதி, கிருபாவைப் பார்த்தேன். அவன் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அடுத்த நாளிலிருந்து அவன் மற்றவர்களுக்கு முந்திப் போனான். துறை அவன் வீட்டுக்குப் பின்னால், அவர்களோ தூரத்திலிருந்து வர வேண்டும்.

நின்றால் போதுமா?

தவமணி இதற்கெல்லாம் மசியவில்லை. "நிக்கிறான், சரி. மறுகா ஒரு சண்டை சச்சரவு வந்தா ஆரு கதைக்கிற? பழுதான மீனெண்டு ஒருத்தி பழி போட்டா இவன் என்னத்தச் சொல்லுவான்? ஊமைப் புள்ள ஏச்சு வாங்கிட்டு நிக்கிறதை என்னால பாக்க ஏலா. வினோ இஞ்சதான் இரிக்கணும்."

'ஊமை' என்ற அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்று அவளோடு ஏற்கெனவே சண்டை பிடித்திருக்கிறேன். அன்றைக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய பயம் பொய்யான பயமில்லை. அவன் சின்ன வயதில் மற்றப் பிள்ளைகள் கல்லெறிந்துவிட்டு அவன்மேலேயே பழி போட்டதை, அவன் வாய் திறக்க ஏலாமல் அடி வாங்கியதை, அவள் கண்ணால் கண்டவள். அந்தத் தாய்க்கு நான் என்ன பாடம் எடுப்பது?

இதற்கிடையில் தையல் கடைக்காரி எனக்குப் போன் எடுத்தாள். "மிஸ், இந்தக் கிழமை பிள்ளை வரல்லண்டா நான் வேற ஆளை எடுக்கன். கோவிக்காதீங்க."

அதனால்தான் அடுத்த நாள் காலை தவமணியின் வீட்டுக்குப் போனேன். கெஞ்சிப் பார்ப்பது, சரிவராவிட்டால் சண்டை பிடிப்பது என்று இரண்டுக்கும் தயாராகப் போனேன். முற்றத்தில் பாய் போட்டிருந்தது. வினோதினி யாருடையதோ சட்டைக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. தவமணி எனக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, நான் வாயைத் திறக்குமுன்னே தலையை இல்லை என்று ஆட்டினாள்.

அப்போது படலை படாரென்று திறந்தது. மாலா அக்கா. தலை அவிழ்ந்திருக்கிறது, கையில் வெறும் சட்டி.

"தவமணியக்கா! உங்கட மகனைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க! என்னை நடு ஒழுங்கையில வச்சு ஏசிப்போட்டான்!"

தவமணி பதறி எழும்பினாள். "என்னகா சொல்றா? அவன் எப்பிடி ஏசுவான்?"

"எப்பிடியா? இந்தா இப்பிடி!" மாலா சட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். "நான் பெரிய இறாலாப் பாத்துப் பொறுக்கினன். ஆர்தான் பொறுக்கல்ல? உடனே கையைப் பிடிச்சு நிப்பாட்டுறான். 'நீ பெருசை எல்லாம் அள்ளினா அங்கால இரிக்கிற வீடுகள் என்னத்தத் தின்னும்?' 'உன்ர அப்பத்தை நான் இப்பிடிக் கிண்டிக் கிண்டிப் பாத்தா நீ விடுவியா?' 'கலந்து எடு, இல்லாட்டி சட்டியை எடுத்துட்டுப் போ.' நாலு பேரு பாக்க!"

ஒவ்வொரு பேச்சுக்கும் அவளுடைய கை அப்படியே அவனுடைய கையாக இருந்தது. அந்த வெடுக்கு, அந்த முகம், கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற திமிர். வினோதினியின் ஊசி நின்றுவிட்டது.

தவமணி வினோதினியைப் பார்த்தாள். வினோதினி அண்ணனோடு போகவில்லை, விடியற்காலையிலிருந்து இந்தப் பாயில்தான் இருக்கிறாள்.

"இதெல்லாம் ஆருகா உனக்குச் சொன்ன?"

"ஆரு சொல்றது? ஒருத்தரும் சொல்லல்ல. அவன் சொன்னது ஒண்டு விடாம எனக்கு விளங்கிச்சுது. அதான் எனக்கு விசர் வருது!"

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

தவமணி வினோதினியின் மடியில் கிடந்த சட்டையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "மிஸ், அந்தத் தையல் கடைக்குப் புள்ள நாளைக்கு வரலாமா?" என்றாள்.

"தையல் கடையா?" மாலா அக்காவுக்கு இன்னும் கொதி ஏறிவிட்டது. "நான் இறாலைக் கதைக்கிறன், நீங்க என்ன கதைக்கிறீங்க?"

வெளியே மோட்டர்சைக்கிள் சத்தம். கிருபா பெட்டியோடு வந்து நின்றான். மாலாவைக் கண்டதும் தொப்பியைச் சரியாக்கிக்கொண்டு இறங்கினான். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அவனிடம் போனாள். படலையடியில் நாலு கைகளும் ஒன்றாகப் பறக்கத் தொடங்கின.

வினோதினி பழக்கத்தில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழும்பினாள். தவமணி அவளுடைய கையைப் பிடித்து இழுத்துப் பாயில் இருத்தினாள்.

"நீ இரு. அவன் கதைச்சுக்கொள்ளுவான்."